இருட்டில் முப்பது அடி உயரத்தில்: ‘ஷேடோ வால்ட்ஸ்’ படப்பிடிப்பில் வந்த நிலநடுக்கம்

‘ஷேடோ வால்ட்ஸ்’ என்ற பாடல் காட்சி படமாகிக்கொண்டிருந்தபோது நிலம் ஆடியது. விளக்குகள் அணைந்தன. முப்பது அடி உயரச் சாரத்தின் மேல் இருந்த நடனப் பெண்கள் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். 1933 மார்ச் 10 அன்று, கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருக்கும் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் நடந்தது இது. படம் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’.

பழைய ஹாலிவுட் இசைப்படங்களைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சம்பவம் ஒரு துணுக்காகத் தெரிந்திருக்கும். நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமரா கிரேனிலிருந்து தூக்கி எறியப்பட்டார், ஒரு கையால் தொங்கினார், எப்படியோ மறுபடி மேலே ஏறிக்கொண்டார் என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சொல்முறையில் பெண்கள் பின்னணியில்தான் வருகிறார்கள். எனக்கு அது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கிரேனில் தொங்கியவர் ஒருவர். சாரத்தின் மேல் இருந்தவர்கள் பலர். அவர்கள் ஆடிய பாடலுக்கான, நியான் விளக்கு பொருத்திய வயலின்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேடை கட்டுகிறவர்களும் நடனக் குழுவை நடத்துகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் பெண்கள் எப்படிப் பத்திரமாகக் கீழே வந்தார்கள் என்பதுதான். அதனால் அவர்கள் இருந்த இடத்திலிருந்து இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

பின்னணி: படமும் காலமும்

பணக்கார ஆண்களை வளைத்துப்போடும் பெண்களை அமெரிக்காவில் ‘கோல்ட் டிக்கர்’ என்று ஏசுவார்கள். ஏவரி ஹாப்வுட் 1919-இல் அந்த ஏச்சையே தலைப்பாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதிலிருந்து 1923-இல் ஒரு மௌனப்படம் வந்தது. 1929-இல் வண்ணத்தில் ஒரு பேசும்படம். 1933-இல் மறுபடியும் அதே கதைக்கு வந்தபோது காலமே மாறியிருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன.

படத்தின் கதை அந்த நிலைமையை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. வேலையில்லாத மேடை நடனப் பெண்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் ஒண்டிக் குடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் வைத்த பால் பாட்டிலைத் திருடுகிற அளவுக்குப் பசி. முதல் பாடலில் பெண்கள் நாணயங்களை உடையாக உடுத்தி, கையில் பணம் புரள்வதாகப் பாடி ஆடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன்காரர்களுக்காக வந்த ஆட்கள் அரங்குக்குள் புகுந்து செட்டையும் உடைகளையும் பறிமுதல் செய்கிறார்கள். சிரிப்புப் படம்தான். ஆனால் மேடையில் ஆடிப் பிழைக்கிற பெண்ணுக்கு அடுத்த வாரச் சாப்பாடு உறுதியில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இசைப்படங்கள் குறைவு. ஜோன் பிளாண்டெல், அலின் மக்மேன், ரூபி கீலர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் எல்லாம் இதில் நடித்தார்கள். இயக்கம் மெர்வின் லீராய். பாடல்கள் ஹாரி வாரனும் ஆல் டூபினும். நடனக் காட்சிகள் மட்டும் முழுக்க பஸ்பி பெர்க்லியின் பொறுப்பு.

ஸ்டுடியோவுக்கு வெளியே நிலைமை கதையைவிட மோசம். மார்ச் 4-ஆம் தேதி ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றார். 6-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் வங்கிகளை மூட உத்தரவிட்டார். கையில் காசோலை வைத்திருந்தவர்களும் அதைப் பணமாக்க முடியவில்லை. அந்த நாட்களிலேயே ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தைப் பாதி வரை குறைப்பதாக அறிவித்தன. நடிகர்களுக்கென்று வலுவான சங்கம் அப்போது ஹாலிவுட்டில் கிடையாது. மேடை நடிகர்களின் சங்கமான ஈக்விட்டி 1929-இல் அங்கே காலூன்றப் பார்த்துத் தோற்றிருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது அடி உயரச் சாரத்தில் ஏறி நில் என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் என்ன பதில் சொல்ல முடியும் என்பதை இந்தச் சூழ்நிலைதான் தீர்மானித்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கே போவது? அவர்கள் பயந்து ஏறினார்களா, விரும்பி ஏறினார்களா என்று நாம் பேச வேண்டியதில்லை. ஏறாமல் இருப்பதற்கான வழி அவர்களிடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பின்னணி: பாடல் எப்படி அமைக்கப்பட்டிருந்தது

‘ஷேடோ வால்ட்ஸ்’ பாடலைத் தொடங்கிவைப்பவர்கள் டிக் பவலும் ரூபி கீலரும். அப்புறம் அது முழுக்க நடனப் பெண்களின் பாடலாகிவிடுகிறது. ஐம்பது அறுபது பெண்கள் மூன்றடுக்கு வளையப் பாவாடையுடன், ஆளுக்கொரு வெள்ளை வயலினோடு, பாம்பு போல் வளைந்து ஏறி இறங்கும் மேடைகளில் வருவார்கள். பிறகு மேடை இருண்டுவிடும். வயலின்களின் விளிம்பில் பொருத்திய நியான் குழாய்கள் மட்டும் ஒளிரும். கேமரா உச்சிக்குப் போய்க் கீழே பார்க்கும்போது, தனித்தனி வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பிரம்மாண்டமான வயலினாக மாறி, அதன் மேல் ஒளியாலான வில் ஒன்று இழுபடும். இன்று பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும் காட்சி அது.

ஒரு வாட்வில் மேடையில், அதாவது ஆட்டம், பாட்டு, நகைச்சுவை கலந்த பல்சுவை மேடையில், எப்போதோ பார்த்த நிகழ்ச்சிதான் பெர்க்லிக்கு இந்த யோசனையைத் தந்தது. நியான் பிறகு வந்த யோசனை. முதலில் வயலின், அதற்கு மேல் ஒளி. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு காட்சியின் திட்டம் முடிந்த பிறகு மின்சாரம் அதில் சேர்க்கப்படும்போது, உயரம், உடை, ஆட்களின் நெருக்கம் ஆகியவை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவற்றை யாரும் திரும்ப யோசிப்பதில்லை.

நியான் குழாய் எரிய உயர் மின்னழுத்தம் வேண்டும். சாதாரணமாக ஆயிரக்கணக்கான வோல்ட். மின்னோட்டம் குறைவாகவே இருக்கும், அதனால் தொட்டவுடன் உயிர் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உயரத்தில் நிற்கிற ஒருவருக்குச் சின்ன ஷாக் அடித்தாலே போதும். உடம்பு துள்ளும், கால் பிசகும்.

படப்பிடிப்புத் தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேசும்படம் வந்த பிறகு கட்டப்பட்ட ஃப்ளோர்களில் ஜன்னல் இருக்காது. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் தடிமனாக இருக்கும். கதவு கனமாக இருக்கும், டேக் போகும்போது மூடியே இருக்கும். உள்ளே விளக்கு அணைந்தால் பட்டப்பகலிலும் குகைதான்.

வேலை நடந்த முறை

பெர்க்லி முதல் உலகப் போரில் அமெரிக்கப் பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்தவர். அணிவகுப்புகளை வடிவமைத்துப் பழகியவர். ஹாலிவுட்டுக்கு 1930-இல் வந்தபோது, ஒரு நடனத்தை நான்கு கேமராக்களால் எடுத்துப் பிறகு வெட்டி ஒட்டுவதுதான் அங்கே வழக்கம். அவர் ஒரே கேமராவை வைத்துக்கொண்டார். கேமரா எங்கே போகிறதோ அங்கே பெண்கள் எந்த நொடியில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அது பிசகாமல் வரும்வரை ஒத்திகை பார்ப்பார். உயரம் போதாவிட்டால் கூரையில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் படமெடுத்தவர் அவர்.

இந்த முறையில் நடனப் பெண்ணுக்குத் தன் காட்சி முழுதாகத் தெரியாது. தான் ஒரு பெரிய வயலினின் எந்த வளைவில் இருக்கிறோம் என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். மேலிருந்து குரல் வரும், அவள் நகர வேண்டும். குரல் நில் என்றால் நிற்க வேண்டும். பல நாட்கள், பல மணி நேரம் இப்படிப் பழகிய குழு அது. நல்லதோ கெட்டதோ, அன்று மாலை இந்தப் பழக்கம் ஒரு பெரிய பங்கு வகித்தது.

மார்ச் 10: என்ன நடந்தது

அதற்கு முந்தின நாள், மார்ச் 9 அன்று, அதே ஸ்டுடியோவின் ‘42-ஆவது தெரு’ படம் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டிருந்தது. அதுவும் மேடை நடனப் பெண்களைப் பற்றிய படம்தான். அதற்கும் நடனம் பெர்க்லி. அடுத்த படத்துக்கான வேலை பர்பேங்கில் அதற்குள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 5.54. லாங் பீச் நகருக்குத் தென்கிழக்கே கடற்கரையை ஒட்டி நிலநடுக்கம் ஏற்பட்டது. அளவு 6.4. அதன் மையத்திலிருந்து பர்பேங்க் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதிர்வு அங்கே லாங் பீச் அளவுக்கு இல்லை. ஆனால் தரையில் நிற்பவருக்கும் உயரத்தில் நிற்பவருக்கும் ஒரே அதிர்வு ஒன்றாக இருக்காது. அன்று அதே நேரத்தில் பசடேனாவில் ஐன்ஸ்டைனும் நிலநடுக்க ஆய்வாளர் பெனோ குட்டன்பெர்க்கும் பேச்சு சுவாரசியத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், நிலம் ஆடியதையே கவனிக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். திறந்த வெளியில், நடந்துகொண்டே இருந்தவர்களுக்கு அப்படி. மரச் சாரத்தின் உச்சியிலும் நீண்ட கிரேனின் நுனியிலும் இருந்தவர்களுக்கு வேறு. உயரமான, மெலிந்த எதுவும் அடி ஆடினால் நுனி பல மடங்கு ஆடும். தென்னை மரத்தைக் காற்றில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை இவை. தளத்தில் மின்சாரம் போய் முழு இருட்டு. நியான் வயலின்கள் சிலவற்றில் ஷார்ட் சர்க்யூட். கேமரா கிரேனில் இருந்த பெர்க்லி கிட்டத்தட்ட வீசி எறியப்பட்டு, ஒரு கையால் பிடித்துத் தொங்கி, தன்னை மேலே இழுத்துக்கொண்டார். பெண்களில் பலர் முப்பது அடி, அதாவது ஒன்பது மீட்டர், உயரச் சாரத்தின் மேல் இருந்தார்கள்.

அந்த நொடிகளில் அங்கே இருந்த ஆபத்துகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருட்டில் விளிம்பு எங்கே என்று தெரியாது. வளையப் பாவாடை காலை மறைக்கும். அது விரிந்து நிற்பதால் பக்கத்தில் இருப்பவரின் பாவாடையோடு உரசும், சிக்கும். கையில் இருக்கும் கருவியில் மின்சாரம் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாது. அதைக் கீழே போட்டால் கண்ணாடிக் குழாய் உடையும். கீழே யாராவது நிற்கக்கூடும். சாரம் இன்னும் உறுதியாக இருக்கிறதா, அடுத்த அதிர்வில் சரியுமா என்பதும் தெரியாது. அடுத்த அதிர்வுகள் வராமல் இருக்கப்போவதில்லை. அன்றிரவு முழுவதும் தென் கலிபோர்னியாவில் வந்துகொண்டே இருந்தன.

இத்தனைக்கும் மேலாக, ஒருவர் பயந்து ஓடத் தொடங்கினால் மற்றவர்களும் ஓடுவார்கள். ஒன்பது மீட்டர் உயரத்தில், ஒடுக்கமான பலகை மேல், அது ஒன்றே போதும் பலர் விழுவதற்கு.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, உட்காரச் சொன்னது. பெர்க்லி இருட்டில் குரல் கொடுத்தார்: எல்லோரும் அப்படியே உட்காருங்கள், ஆட்கள் கதவைத் திறந்து வெளிச்சம் வரும்வரை காத்திருங்கள் என்று.

இரண்டாவது, கதவு. தொழில்நுட்ப ஆட்களும் செட் வேலையாட்களும் ஏணியை எடுத்துக்கொண்டு சாரத்துக்கு ஓடாமல் கதவுக்குப் போனார்கள். கனத்த கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார்கள்.

உட்காருங்கள் என்ற ஒரு சொல்லில் எத்தனை ஆபத்துகள் அடங்கின என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. உட்கார்ந்தவர் உடம்பின் எடை தாழ்ந்து பலகையோடு ஒட்டிவிடுகிறது; ஷாக் அடித்துத் துள்ளினாலும் விழ வாய்ப்பு குறைவு. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்ளலாம். பாவாடை அடியில் சிக்கிக் கால் இடறாது. யாரும் யாரையும் தள்ள முடியாது. நிலம் ஆடும்போது ஓடாதே, தாழ்ந்துகொள், மறைந்துகொள், பிடித்துக்கொள் என்றுதான் இன்றும் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அன்று லாங் பீச்சில் நடந்தது இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அந்த நிலநடுக்கத்தில் 115 முதல் 120 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பலர் பயந்து கட்டடத்தை விட்டு வெளியே ஓடி, வாசலில் சரிந்து விழுந்த செங்கல் சுவருக்கும் முகப்புக்கும் அடியில் சிக்கியவர்கள். இருந்த இடத்திலேயே தாழ்ந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களும் அவர்களில் உண்டு.

ஆனால் ‘உட்கார்’ எல்லா இடத்திலும் சரி என்று இந்த நிகழ்விலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகாகோவின் இரோக்வா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று நிரம்பி வழிந்த ஒரு பகல் காட்சியில் மேடைத் திரை தீப்பிடித்தது. நகைச்சுவை நடிகர் எடி ஃபாய் மேடைக்கு வந்து, பதறாமல் இருக்கும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். நல்ல மனதோடு, உயிரைப் பணயம் வைத்து நின்று கேட்டார். ஆனால் நெருப்பு காத்திருக்கவில்லை. விளக்குகள் அணைந்தன. பல வாசல்கள் பூட்டிக் கிடந்தன. மேடைக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்து நடிகர்கள் தப்பி ஓடியபோது, அதன் வழியே பாய்ந்த காற்று நெருப்பை அரங்குக்குள் உருண்டு போக வைத்தது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உயரத்தில் கம்பியில் பறந்து ஆடுவதற்காகக் காத்திருந்த ஒரு நடனப் பெண்ணும் அவர்களில் ஒருவர். மற்ற நடனப் பெண்கள் பலர் பிழைத்ததற்கு ஒரு காரணம், லிஃப்ட் ஓட்டிய இளைஞர் ஒருவர் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய் அவர்களை இறக்கிக் கொண்டுவந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசையாமல் இரு என்ற சொல் பர்பேங்கில் காப்பாற்றியது. சிகாகோவில் அதை நம்பி இருக்கையிலேயே இருந்தவர்களுக்குத் தப்பும் நேரம் போனது. கதவைத் திறந்தது பர்பேங்கில் வெளிச்சம் தந்தது, சிகாகோவில் நெருப்புக்குக் காற்று தந்தது. எந்த ஆபத்து என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தச் சொல் என்று முடிவு செய்ய முடியும். அன்று ஷார்ட் ஆன வயலின்களில் ஒன்றிலிருந்து பாவாடையின் மெல்லிய துணியில் தீ பற்றியிருந்தால், ‘உட்கார்’ தவறான கட்டளை ஆகியிருக்கும். பெர்க்லி அதை யோசித்தாரா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு கையால் தொங்கி எழுந்த மனிதருக்கு அதற்கு நேரம் இல்லை. நமக்கு நேரம் இருக்கிறது.

இன்னொன்று. கட்டளை வந்தது ஒரே குரலில். அது அவர்கள் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய குரல். உதவி இயக்குநர் ஒன்று, லைட்மேன் ஒன்று, மேக்கப் ஆள் ஒன்று என்று ஆளுக்கொன்றாகக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எந்த மேடையிலும் ஒரு முறை கரண்ட் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாட்கணக்கில் ‘நில், நகர்’ என்று பழகிய உடம்புகள் இருட்டிலும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டன. அந்தக் கட்டுப்பாடு பெண்களுடைய திறமை. அதை இயக்குநரின் சாமர்த்தியமாக மட்டும் எழுதுவது நியாயமில்லை.

யாரும் கணக்கில் எடுக்காத சில நிமிடம்

இந்த நிகழ்வைப் படித்தபோது என்னை அதிகம் உலுக்கியது நேரம்தான்.

மார்ச் 10-ஆம் தேதி அந்தப் பகுதியில் சூரியன் மறைவது அந்நாளைய கடிகாரப்படி மாலை ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்பு. நிலநடுக்கம் வந்தது 5.54-க்கு. அதாவது வேலையாட்கள் கதவைத் திறந்தபோது உள்ளே வந்தது அந்தி வெளிச்சம். கண் பழகிய பிறகு ஏணிப்படியைத் தேடிப்பிடிக்கவும், பலகை விளிம்பைப் பார்க்கவும் அது போதும். ஆனால் அது நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டிருந்த வெளிச்சம்.

படப்பிடிப்பு இரவில் நடப்பது அங்கே புதிதில்லை. ஒரு மணி நேரம் கழித்து இது நடந்திருந்தால், கதவைத் திறந்தும் பயனில்லை. சுற்று வட்டாரத்திலும் மின்சாரம் போயிருந்தால் வெளியேயும் இருட்டு. எல்லோரும் பாராட்டும் அந்த இரண்டாவது முடிவு பலித்ததற்குப் பாதிக் காரணம் பகல் இன்னும் முழுதாகப் போய்விடாததுதான். திட்டம் என்று ஒன்று இருந்தது என்றால் அதில் வெளிச்சத்துக்கு வானத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

தொடர்ந்து நடந்தவை

அந்தத் தளத்தில் உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. பாடல் எடுத்து முடிக்கப்பட்டது. படம் மே மாத இறுதியில் வெளியானது. 4,33,000 டாலர் செலவில் எடுத்த படம் ஸ்டுடியோவுக்கு முப்பது லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிக் கொடுத்தது. அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. 2003-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

தென் கலிபோர்னியாவில் இன்னும் ஒரு விஷயம் மக்களை நடுங்க வைத்தது. 230-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன, மோசமாகச் சேதமடைந்தன, அல்லது உள்ளே போகத் தகாதவை என்று முடிவாயின. மாலை நேரம் என்பதால் பிள்ளைகள் வகுப்பில் இல்லை. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே கேள்வி அரசை உலுக்கியது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, பள்ளிக் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்று ஃபீல்ட் சட்டம் வந்தது. அதே ஆண்டு மற்ற கட்டடங்களுக்காக ரைலி சட்டமும் வந்தது.

நூலிழையில் தப்பியதைப் பாடமாக எடுத்துக்கொள்வது என்றால் இதுதான். பள்ளியில் யாரும் சாகவில்லையே என்று விட்டுவிடாமல், செத்திருப்பார்களே என்று யோசித்தார்கள். படப்பிடிப்புத் தளத்தில் நடந்ததும் அதே மாதிரி நூலிழைதான். ஆனால் அது இயக்குநரின் வீரக் கதையாகச் சொல்லப்பட்டதோடு நின்றுவிட்டது.

சம்பளக் குறைப்பும் சும்மா போகவில்லை. குறைத்ததை எப்போது திருப்பித் தருவது என்ற தகராறில் வார்னரின் தயாரிப்புத் தலைவர் டாரில் ஜானக் ஏப்ரலில் விலகினார். ஜூன் 30 அன்று திரை நடிகர் சங்கம் பதிவானது. ஸ்டுடியோக்கள் அதை ஏற்றுக்கொள்ள 1937 வரை ஆனது. ஆபத்தான இடத்தில் ஏறச் சொன்னால் கேள்வி கேட்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆள் சங்கத்திலிருந்துதான் வர முடியும். சாரத்தின் மேல் இருந்த பெண்களுக்கு அது மூன்றரை மாதம் தாமதமாகத் தொடங்கியது.

இன்று இதே காட்சியை எடுத்தால்

முதலில் மின்சாரம். நியான் வேண்டாம். குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் எல்இடி பட்டைகள் இதே ஒளியைத் தரும். கையில் பிடிக்கப் பயமில்லை. பழைய தோற்றத்துக்காக நியானே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என் பதில்: அப்படியானால் அந்தக் குழாய் தரையில் நிற்பவர் கையில் மட்டும் இருக்கட்டும். உயரமும் உயர் மின்னழுத்தமும் ஒரே ஆளிடம் சேரவே கூடாது. இந்த ஒரு விதி அன்று இருந்திருந்தால் ஆபத்தில் பாதி இல்லாமல் போயிருக்கும். கூடவே, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர் நிற்க வேண்டும். கரண்ட் போனதும் அவர் செய்யும் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. ஏனென்றால் போன மின்சாரம் எச்சரிக்கை இல்லாமல் திரும்பி வரும், அப்போதும் கருவி அந்தப் பெண்கள் கையில்தான் இருக்கும். பாட்டரியில் ஓடும் கருவி என்றால், பிடித்திருப்பவர் விரல் எட்டும் இடத்திலேயே அணைக்கும் விசை இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். கரண்ட் போனவுடன் தானாக எரியும் பாட்டரி விளக்குகள், சாரத்தின் படியிலும் கதவு வரை போகும் வழியிலும். பலகையின் விளிம்பில் ஒளிரும் நாடா. இது பெரிய செலவு இல்லை. காட்சி கெட்டுவிடும் என்று ஒளிப்பதிவாளர் சொன்னால், நாடாவைக் கேமரா பார்க்காத பக்கம் ஒட்டலாம்.

விழாமல் தடுக்கும் பெல்ட்டும் கயிறும் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு அவசியம். வளையப் பாவாடைக்குள் அதை மறைப்பது கஷ்டமும் இல்லை. அந்த உடையில் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பெல்ட் போட்டவர் தானே அவிழ்த்துக்கொள்ள முடிய வேண்டும். தீப்பிடித்தால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது.

குரலைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. ஆபத்தில் பேசுகிறவர் ஒருவர்தான் என்பது சரி. அந்த ஒருவர் கிரேனில் இருப்பவராக இருக்கக் கூடாது. பெர்க்லியின் கை நழுவியிருந்தால் அந்தக் கட்டளை வந்தே இருக்காது. பெண்கள் இருட்டில் ஒரு அலறலை மட்டும் கேட்டிருப்பார்கள். தரையில், ஆபத்துக்கு வெளியே, கையில் பாட்டரி ஒலிபெருக்கியோடு ஒரு ஆள். அவர் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: ‘உட்கார்’ அல்லது ‘இறங்கு’. நிலம் ஆடினால், கரண்ட் போனால் உட்கார். புகையோ நெருப்போ தெரிந்தால் இறங்கு. இரண்டையும் முழு உடையோடு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு முறையாவது ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஒரு நடன அடியை நூறு தடவை ஒத்திகை பார்க்கும் குழுவிடம் இதற்குப் பத்து நிமிடம் கேட்பது அதிகமில்லை.

ஏறுகிறவருக்கு இல்லை என்று சொல்லும் உரிமையும் வேண்டும், கூலி வெட்டாமல், அடுத்த படத்தில் பெயரை நீக்காமல். மற்ற எல்லாம் பொருளும் ஏற்பாடும். இது மட்டும் எழுதி வைத்துக் கையெழுத்திட வேண்டியது.

கடைசியாக, நடந்ததை எழுதி வைப்பது. அன்று மாலை எத்தனை பேர் மேலே இருந்தார்கள், யாருக்கு ஷாக் அடித்தது, முதலில் இறங்கியவர் யார், இறங்க எவ்வளவு நேரமானது, அடுத்த நாள் யாராவது ஏற மறுத்தார்களா என்று கேட்டு எழுதியிருந்தால் இந்த ஆய்வு இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும். கேட்க வேண்டியவர்கள் அங்கேயே, முகத்தில் மேக்கப்போடு உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் எழுத்துகளில் நடிகர்கள் பெயர் இருக்கிறது, பாடலாசிரியர், உடை வடிவமைத்த ஓரி-கெல்லி, செட் வடிவமைத்த ஆன்டன் குரோட் பெயர் இருக்கிறது. வயலின் பிடித்த பெண்களின் பெயர் இல்லை. பாடலை இப்போது போட்டுப் பார்த்தாலும் அவர்கள் வளைந்து ஏறி இறங்கும் அந்த வெள்ளை மேடைகளின் ஓரத்தில் ஒரு கைப்பிடி கூடக் கண்ணில் படுவதில்லை.